ரவுட்டரை மாற்றினேன், லேண்ட்லைன் ஊமையானது

குடியாத்தத்தில் இருக்கும் அத்தை என் செல்லுக்கு நேராக அழைப்பது வருஷத்துக்கு ஒன்றிரண்டு தரம்தான். மற்றபடி அவருக்கு 0416 போட்டு எங்கள் வீட்டு லேண்ட்லைனில் அப்பாவைப் பிடித்தால்தான் பேசின மாதிரி இருக்கும், சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு அரை மணி நேரம், சில நாள் முக்கால் மணி. போன வாரம் புதன்கிழமை காலையில் அவர் பெயர் என் செல்லில் வந்ததுமே எனக்கு வயிற்றைக் கலக்கியது. "இன்னாடா, அண்ணனுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லியா? ரெண்டு நாளா அடிக்கிறேன், போனே போவ மாட்டேங்குது." அண்ணன் என்கிற எங்கள் அப்பா அப்போது என் எதிரில் உட்கார்ந்து மூன்றாவது இட்லியை முடித்துக்கொண்டிருந்தார். ஹாலுக்குப் போய் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தேன். டயல் டோன் இல்லை, கொர் என்று கூட ஒரு சத்தமில்லை.

யார் காரணம் என்று யோசிக்கவே தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டு ரவுட்டரை மாற்றியிருந்தேன். நன்றாகத்தான் மாற்றினேன், வேகம் வந்தது, பின்ரூமில் சிக்னல் வந்தது, எல்லாம் முடிந்த பிறகு கை சும்மா இருக்கவில்லை. அந்தக் கதைக்கு வருகிறேன், அதற்கு முன்னால் எதற்கு மாற்றினேன், எப்படி மாற்றினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதே மாதிரி ஃபைபர் கனெக்‌ஷனை வைத்துக்கொண்டு இதே மாதிரி திட்டிக்கொண்டிருக்கும் வீடுகள் எங்கள் தெருவிலேயே பத்தாவது இருக்கும்.

வேலூர் கொசப்பேட்டையில் எங்கள் வீடு தாத்தா கட்டினது. சுண்ணாம்பும் செங்கல்லுமாக ஒன்றரை அடிச் சுவர், வீடும் ரயில் பெட்டி மாதிரி நீளவாக்கில் போகும்: ஹால், நடு அறை, சமையலறை, அதற்கும் பின்னால் நான் உட்கார்ந்து வேலை பார்க்கும் ரூம். ஃபைபர் இழுத்த அன்றைக்கு வந்த பையன்கள் பழைய டெலிபோன் இருந்த இடத்திலேயே, மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு மேலே, இரண்டு ஸ்க்ரூ அடித்து அந்த வெள்ளைப் பெட்டியை மாட்டிவிட்டுப் போனார்கள். அவர்களுக்கு அது சுலபம், வயர் அந்தப் பக்கமாகத்தான் வருகிறது. எனக்கும் அதற்கும் நடுவில் மூன்று சுவர். அந்தப் பெட்டியிலோ 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும்தான், அதிலும் அக்கம்பக்கத்து வீடுகள் எல்லாம் அதே இடத்தில் கூட்டம் போட்டுக்கொண்டிருக்கும். பின்ரூமில் 100 எம்பிபிஎஸ் பிளானுக்கு 6 வரும், 8 வரும், மழை பெய்தால் எதற்கோ 11 வரும்.

ஆனால் வேகத்தைக் கூடப் பொறுத்துக்கொண்டிருந்தேன். வெயிலைத்தான் பொறுக்க முடியவில்லை. வேலூர் வெயிலைப் பற்றித் தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டாம், கத்திரியில் 40 டிகிரியைத் தாண்டுவதெல்லாம் எங்களுக்குச் செய்தியே இல்லை. அந்த மேற்கு ஜன்னலில் மதியம் இரண்டு மணிக்கு மேல் வெயில் நேராக விழும், பெட்டி தோசைக்கல் மாதிரி சுடும், அப்புறம் வைஃபை பெயர் மட்டும் தெரியும், உள்ளே எதுவும் திறக்காது. தினம் மூன்று மணி மீட்டிங்கில் நான் பாதி வார்த்தையில் உறைந்து நிற்பது ஆபீஸில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. அம்மா ஒரு நாள் பேசாமல் டேபிள் ஃபேனை அந்தப் பெட்டியின் பக்கம் திருப்பி வைத்தார். சிரித்தேன். அன்றைக்கு மட்டும் அது நிற்கவே இல்லை.

கம்பெனிக்குப் போன் பண்ணினால் ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்வார்கள். ரொம்ப சண்டை போட்டதில் பெட்டியை மாற்றித் தந்தார்கள், அதே மாடல், வேறு யாரோ வீட்டில் கழற்றினது, அடியில் அவர்கள் ஒட்டிய பாஸ்வேர்ட் சீட்டு கூட இருந்தது. அதற்கும் மேற்கு வெயில் ஒன்றுதான். சரி, நாமே வாங்கிக்கொள்வோம் என்று முடிவு பண்ணினேன்.

இங்கேதான் முதல் முட்டாள்தனம். ரவுட்டர் என்று நாம் சொல்லும் அந்தப் பெட்டி ஒரு சாமான் இல்லை, ஒரே டப்பாவுக்குள் மூன்று சாமான். கண்ணாடி இழையில் வரும் ஒளியைப் பிடித்து மின்சார சிக்னலாக மாற்றுவது ஒன்று, அதற்கு ஓஎன்டி என்று பெயர். வீட்டில் இருக்கும் போன், டிவி, லேப்டாப்புக்கெல்லாம் அந்த ஒரு கனெக்‌ஷனைப் பங்கு பிரித்து வைஃபையில் தருவது இரண்டாவது, நிஜமான ரவுட்டர் அதுதான். பழைய டெலிபோனைச் சொருகும் சின்ன ஓட்டைக்குப் பின்னால் இருப்பது மூன்றாவது. எனக்குப் பிரச்சினை இரண்டாவதோடு மட்டும்தான், ஆனால் அது புரியாமல் மூன்றையும் தூக்கிப் போடலாம் என்று நினைத்து, ஃபைபரையே நேராகச் சொருகுகிற மாதிரி ஒரு பெட்டியை ஆன்லைனில் பார்த்து வாங்கிவிட்டேன். பச்சைத் தலை கனெக்டரைப் பழைய பெட்டியிலிருந்து உருவி இதில் சொருகினேன், பான் என்று எழுதியிருக்கும் விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. அரை மணி நேரம் மினுக்கியது. பழையதில் திரும்பச் சொருகினால் உடனே நிலையாக எரிந்தது.

காரணம் பிறகுதான் புரிந்தது, புரிந்ததும் கோபம் கூட வரவில்லை. நம் ஊரில் வீடுகளுக்கு வருவது பெரும்பாலும் ஜிபான் என்கிற முறை. கேபிள் ஆபீஸிலோ எக்ஸ்சேஞ்சிலோ இருக்கிற பெரிய மெஷினின் ஒரு வாயிலிருந்து ஒரே ஒரு இழை கிளம்பும், அது வழியில் கம்பத்திலோ மொட்டை மாடியிலோ இருக்கும் ஸ்ப்ளிட்டர் வழியாக 32 வீட்டுக்கோ 64 வீட்டுக்கோ பிரியும். அந்த ஸ்ப்ளிட்டருக்குக் கரண்டே வேண்டாம், வெறும் கண்ணாடிதான், ஒளியைக் கிளை கிளையாகப் பிரிக்கும், அவ்வளவுதான். மேலிருந்து வீட்டுக்கு வருவது 1490 நானோமீட்டர் ஒளி, வீட்டிலிருந்து மேலே போவது 1310, அதனால் ஒரே இழையில் இரண்டும் மோதாமல் எதிரும் புதிருமாகப் போகும். இரண்டுமே கண்ணுக்குத் தெரியாத ஒளி, வெளிச்சம் இல்லையே என்று இழையின் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டாம். மொத்தத் தெருவுக்கும் சேர்த்து இறங்குவது சுமார் 2.5 ஜிபிபிஎஸ், ஏறுவது அதில் பாதி. இறங்கும்போது எல்லார் வீட்டு டேட்டாவும் எல்லார் வீட்டுக்கும் வந்துவிடும், நம் பெட்டி நமக்கானதை மட்டும் எடுத்துக்கொள்ளும், மற்றவர்களுடையது பூட்டுப் போட்டு வருவதால் படிக்க முடியாது. ஏறும்போதுதான் சிக்கல். எல்லா வீடும் ஒரே இழைக்குள் பேச வேண்டும், ஆகவே ரேஷன் கடை டோக்கன் மாதிரி ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு துளி நேரம் ஒதுக்கியிருப்பார்கள், அந்த நேரத்தில் மட்டும்தான் அது வாயைத் திறக்கலாம். முறை தப்பிக் கத்துகிற பெட்டி ஒன்று வந்துவிட்டால் தெருவே படுத்துவிடும். அதனால்தான் சீரியல் நம்பரைப் பதிந்து வைத்திருக்கிற பெட்டிக்கு மட்டும் டோக்கன். நான் வாங்கினதற்கு டோக்கன் இல்லை, வாசலில் நின்று மினுக்கிக்கொண்டிருந்தது. இப்போது அது பரணில் இருக்கிறது, யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்.

ஜெர்மனியில் 2016 ஆகஸ்ட் 1 முதல், கம்பெனி தரும் ரவுட்டரைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று வாடிக்கையாளரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. கொசப்பேட்டையில் அதைச் சொன்னால் கேபிள் அண்ணன் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்.

இரண்டாவது முயற்சியாக, ஃபைபர் வாய் இல்லாத சாதாரண ரவுட்டர், 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு பேண்ட் இருக்கிறது, மூவாயிரத்துச் சொச்சம், அதை வாங்கி நடு அறையில் வைத்து, பழைய பெட்டியிலிருந்து ஒரு கேபிள் இழுத்துச் சொருகினேன். நெட் வந்தது. வேகமும் கொஞ்சம் வந்தது. ஆனால் வீட்டுக்குள் இரண்டு ரவுட்டர் ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக உட்கார்ந்துகொண்டு, ஒன்று பிரித்ததை இன்னொன்று மறுபடி பிரித்துக்கொண்டிருந்தது. அப்பா போன் பழைய வைஃபையில், டிவி புதியதில், போனில் இருக்கும் பேரன் வீடியோவை டிவிக்கு அனுப்பினால் டிவியே இல்லை என்கிறது. பிரிண்டர் ஒரு பக்கம், லேப்டாப் ஒரு பக்கம். கூட்டுக் குடும்பத்தில் நடுவில் சுவர் எழுப்பின கதைதான். வெயில் பிரச்சினையும் அப்படியே, ஏனென்றால் பாரம் முழுக்க இன்னும் ஹால் பெட்டியின் தலையில்தான்.

இதற்கெல்லாம் தீர்வு பிரிட்ஜ் மோட். பழைய பெட்டியிடம், "நீ ஒளியை மட்டும் மாற்றிக் கொடு, பங்கு பிரிக்கும் வேலையை இனி நான் வாங்கிவந்தவன் பார்த்துக்கொள்வான்" என்று சொல்லிவிடுவது. சொல்வது சுலபம், சொல்ல வேண்டிய இடம் பெட்டியின் அட்மின் பக்கத்தில் இருக்கிறது, அதற்கு நம்மிடம் இருக்கும் பாஸ்வேர்ட் போதாது. நமக்குத் தருவதில் வைஃபை பெயரை மாற்றலாம், அவ்வளவுதான். கஸ்டமர் கேரில் கேட்டேன். முதல் நாள் பேசினவர் அந்த வசதி இல்லை என்றார், இரண்டாம் நாள் பேசினவர் பிரிட்ஜ் என்றால் எந்த ஊர் பாலம் என்று கேட்காத குறை, மூன்றாம் நாள் பேசினவர் டிக்கெட் போட்டார், டிக்கெட் மறுநாளே தீர்ந்துவிட்டதாக மெசேஜ் வந்தது, ஒன்றும் நடக்கவில்லை.

கேபிள் அண்ணனிடமே போயிருக்க வேண்டும். நம் ஊர்களில் கம்பெனி பெயர் எதுவாக இருந்தாலும் கடைசி அரை கிலோமீட்டர் பல இடங்களில் பழைய கேபிள் டிவி ஆட்கள் கையில்தான், அந்தக் காலத்தில் மாடிக்கு மாடி கறுப்பு ஒயர் எறிந்தவர்கள் இப்போது மெல்லிசு ஃபைபர் எறிகிறார்கள். லாங் பஜார் போகிற வழியில் அவர் கடையில் நின்று விஷயத்தைச் சொன்னதும், "இதுக்கா சார் மூணு நாள் போன் பண்ணீங்க" என்று ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு பையனை அனுப்பினார். இருபத்திரண்டு வயசு இருக்கும், தோளில் கறுப்புப் பை, அதில் ஃபைபர் வெட்டுகிற கத்தி, பவர் மீட்டர், இரண்டு லிட்டர் தண்ணி பாட்டில். அம்மா மோர் கொடுத்தார். குடித்துக்கொண்டே ஒரு கையால் வேலையை ஆரம்பித்தான்.

"பிரிட்ஜ்ல போட்டுட்டா வைஃபை இதுல வராதுண்ணா, பரவால்லியா?"

"அதுதான் தம்பி வேணும்."

லேப்டாப்பை ஒயரில் மாட்டி, பாஸ்வேர்ட் அடித்து, வெளி நெட்டோடு பெட்டி எப்படிச் சேர வேண்டும் என்று சொல்லும் வேன் என்கிற பக்கத்துக்குப் போய், இன்டர்நெட் என்று இருக்கும் வரியில் ரூட் என்பதை பிரிட்ஜ் ஆக்கினான். அதே இடத்தில் வி-லான் நம்பர் என்று ஒன்று இருக்கிறது. ஒரே இழையில் இன்டர்நெட், போன், கம்பெனியின் சொந்தப் பேச்சு எல்லாம் கலந்து வருவதால் எது எதற்கு என்று தெரிய ஒட்டும் லேபிள் அது, பஸ்ஸில் பார்சல் மூட்டைக்கு மேல் ஊர் பெயர் எழுதுவது போல. எங்கள் வீட்டில் அந்த லேபிளைப் பழைய பெட்டியே கழற்றிவிடும், புது ரவுட்டரில் ஒன்றும் போட வேண்டியதில்லை. சில வீடுகளில் புது ரவுட்டரில்தான் போட வேண்டும், அந்த நம்பரைக் கேட்டு வாங்காமல் ஆளை அனுப்பிவிடாதீர்கள். கூடவே பிபிபிஓஇ யூசர்நேம், பாஸ்வேர்ட், அதாவது நம் ரவுட்டர் கம்பெனி சர்வரில் லாகின் பண்ணுவதற்கானது. யூசர்நேம் கனெக்‌ஷன் கொடுத்த அன்றைக்கு வந்த மெசேஜில் இருந்தது. பாஸ்வேர்ட் யாருக்கும் தெரியவில்லை, பெட்டிக்குள் புள்ளி புள்ளியாகத்தான் தெரிகிறது. அவன் ஆபீஸுக்குப் போன் போட்டுப் புதுசாக மாற்றி வாங்கினான். எல்லாம் நாலு நிமிஷம். மூன்று நாள் நான் இழுத்தடிக்கப்பட்ட விஷயம்.

ஐந்தாவது நிமிஷத்தில் புது ரவுட்டரில் போட்டால் கனெக்ட் ஆகவில்லை. எனக்குப் பகீர் என்றது, அவன் அசையவில்லை. "பழைய செஷன் அங்க தொங்கிக்கினு இருக்கும்ணா, பத்து நிமிஷம் உடுங்க." ஒரு யூசர்நேமுக்கு ஒரு நேரத்தில் ஒரு கனெக்‌ஷன்தான், பழைய பெட்டி சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டதால் அங்கே இருக்கும் சர்வர் அது இன்னும் வீட்டில்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும். பத்து நிமிஷம் மோர் பற்றியும் தண்ணி பற்றியும் பேசினோம். சொன்னபடி வந்தது.

வந்தது, ஆனால் 94. வைஃபை வேண்டாம், ஒயரிலேயே 94. பிளானை 200க்கு ஏற்றியிருந்தேன், அப்படியும் 94ஐத் தாண்ட மறுக்கிறது. இந்த 94 என்கிற எண்ணைப் பார்த்தால் கம்பெனியைத் திட்டாதீர்கள், உங்கள் வீட்டு ஒயரைப் பாருங்கள். 100 எம்பிபிஎஸ் லிங்க்கில் மேல்செலவு போக கையில் நிற்பது அவ்வளவுதான். கேபிளுக்குள் நாலு ஜோடி கம்பி இருக்கிறது, ஜிகாபிட் ஓட நாலு ஜோடியும் வேண்டும், இரண்டு ஜோடி இருந்தால் 100க்கு இறங்கி விடும். ஹாலில் இருந்து நடு அறைக்குப் பைப்புக்குள் ஏற்கெனவே ஒரு கேபிள் போகிறதே என்று அதைத்தான் நான் பயன்படுத்தியிருந்தேன், அதைப் போட்டவர் கேமரா மாட்ட வந்த ஆள். பிரித்துப் பார்த்தால் ஆரஞ்சும் பச்சையும் மட்டும் கனெக்டருக்குள் போயிருக்கிறது, நீலமும் பழுப்பும் தனியாக வெளியே வந்து டேப் சுற்றி வாசல் கேமராவுக்கு 12 வோல்ட் கொண்டுபோகிறது. ஒரு ஒயரில் இரண்டு குடித்தனம். ஆளைக் குறை சொல்ல மாட்டேன், அன்றைக்கு வீட்டில் 40 எம்பிபிஎஸ் பிளான், ஒயர் மிச்சம் பண்ணியிருக்கிறார். தம்பி பையில் இருந்து பதினைந்து மீட்டர் புது கேபிளை எடுத்து, சுவர் ஓரமாகக் கிளிப் அடித்து, எட்டுக் கம்பியும் வரிசையாக வைத்துக் கிரிம்ப் பண்ணிக் கொடுத்தான். இன்னொன்றும் சொன்னான், பழைய பெட்டியில் முதல் போர்ட் மட்டும்தான் ஜிகாபிட், பக்கத்தில் இருப்பது 100தானாம். பார்ப்பதற்கு இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கின்றன. அதற்கப்புறம் 200ஐத் தொட்டது. பின்ரூமில் 5 கிகாஹெர்ட்ஸில் 140, 150 நின்றது, நடுவில் இப்போது சமையலறைச் சுவர்கள்தானே.

வேகத்தை விட எனக்குச் சந்தோஷம் கொடுத்தது பிங் நேரம், அதாவது ஒரு துளித் தகவல் சர்வருக்குப் போய்த் திரும்பி வர ஆகும் நேரம். இங்கிருந்து சென்னை 140 கிலோமீட்டர் சொச்சம், கண்ணாடிக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும், கேபிள் நேர்கோட்டில் போனால் போய்த் திரும்ப ஒன்றரை மில்லி விநாடி போதும். எனக்கு இத்தனை நாள் 40, 60, சில நேரம் 200 காட்டியது. அந்தத் தாமதத்தில் பெரும்பங்கு ஹாலுக்கும் பின்ரூமுக்கும் நடுவிலேயே நடந்திருக்கிறது, ஆற்காட்டைக் கூடத் தாண்டவில்லை. இப்போது 6.

புது ரவுட்டருக்கு வைஃபை பெயர் வைக்கும்போது ஒன்று செய்தேன், பழைய பெயரையே வைத்தேன், எழுத்துக்கு எழுத்து, பெரிய எழுத்து சின்ன எழுத்து உட்பட, பாஸ்வேர்டும் அதே. வீட்டில் இருந்த பதினோரு சாமானும், கேமரா, டிவி, அப்பா போன், அம்மா போன், ஏசி எல்லாம், ஒன்றும் கேட்காமல் தானாக வந்து ஒட்டிக்கொண்டன. வித்தியாசமாகப் பெயர் வைக்கிற ஆசை எனக்கும் இருந்தது, ஆனால் அந்த ஏசிக்குப் புது வைஃபை சொல்லிக்கொடுப்பதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும் என்று தெரியும்.

வாசல் கேமராவை வெளியூரில் இருந்து நேராகப் பார்க்கலாம் என்று நினைத்தது மட்டும் நடக்கவில்லை. ரவுட்டருக்குக் கிடைத்த ஐபி 100.70 என்று ஆரம்பித்தது. 100.64 முதல் 100.127 வரை வந்தால், தெருத் தெருவாகப் பல வீட்டுக்கு ஒரே வெளி முகவரியைக் கம்பெனி பங்கு பிரித்துத் தருகிறது என்று அர்த்தம், நாம் உள்ளே எத்தனை போர்ட் திறந்து வைத்தாலும் வெளியில் இருந்து யாரும் வந்து தட்ட முடியாது. கேமரா ஆப் வழியாகப் பார்த்துக்கொள்கிறேன், போகட்டும்.

தம்பி கிளம்பும்போது அட்மின் பாஸ்வேர்டை ரசீதுக்குப் பின்னால் எழுதிக் கொடுத்தான். நான் கேட்டுத்தான் கொடுத்தான். "லைட் லெவல் வேணும்னா பாத்துக்கோங்கண்ணா, வேற எதையும் தொடாதீங்க." சரி சரி என்றேன்.

ராத்திரி சாப்பிட்டு முடித்து, ஃபைபர் வயர் தொங்குவது அசிங்கமாக இருக்கிறதே என்று அதைச் சுருட்டிக் கேலண்டருக்குப் பின்னால் ஒடுக்கினேன். ஏதோ தோன்றி லேப்டாப்பைப் பெட்டியின் இரண்டாவது போர்ட்டில் மாட்டி லைட் லெவலை, அதாவது பெட்டிக்கு வந்து சேரும் ஒளியின் பலத்தைப் பார்த்தால், சாயங்காலம் மைனஸ் 20.6 டிபிஎம் இருந்தது மைனஸ் 26 ஆகியிருக்கிறது. ஒவ்வொரு 3க்கும் ஒளி பாதியாகும், ஆக நான் சுருட்டின சுருட்டில் முக்கால்வாசி ஒளி வழியிலேயே கசிந்துவிட்டது. மைனஸ் 27க்குக் கீழே போனால் பெட்டி தடுமாற ஆரம்பிக்கும். சுருட்டினதைப் பிரித்து உள்ளங்கை அகலத்துக்கு வளையமாக விட்டதும் பழைய இடத்துக்கு வந்தது. கண்ணாடி இழை, கறிவேப்பிலைக் கொத்து மாதிரி ஒடிக்கக் கூடாது.

அதோடு மூடியிருக்கலாம். வேன் பக்கத்தைத் திறந்தேன். இரண்டு வரி இருந்தது. ஒன்று நாங்கள் பிரிட்ஜ் ஆக்கினது. இன்னொன்றின் பெயரில் டிஆர்-069 என்று ஆரம்பித்து ஏதோ நீளமாக இருந்தது. டிஆர்-069 எனக்குத் தெரியும், கம்பெனிக்காரர்கள் தங்கள் ஆபீஸில் உட்கார்ந்தபடி நம் வீட்டுப் பெட்டிக்குள் நுழைந்து செட்டிங் மாற்றுவதற்கான பின்கதவு அது. என் வீட்டுக்குள் எதற்கு அவர்களுக்குக் கதவு என்று ஒரு வீராப்பு. நாலு நாள் கஸ்டமர் கேர் கோபமும் சேர்ந்துகொண்டது. டெலீட் அடித்தேன். நெட் அப்படியே ஓடியது, பார்த்தாயா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தூங்கப் போனேன்.

புதன்கிழமை காலையில் டயல் டோன் இல்லாத ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் அந்த வரியின் மீதிப் பெயர் ஞாபகத்துக்கு வந்தது. டிஆர்-069, அதற்கு அடுத்து வாய்ஸ். எங்கள் பெட்டியில் இரண்டுக்கும் ஒரே வரி. கதவை மூடுகிறேன் என்று அத்தையைச் சேர்த்து வெளியே தள்ளிவிட்டேன்.

அப்பாவிடம் சொன்னேன். "அந்தக் காலத்துல கரண்ட் போனா கூட போன் இருந்துச்சு" என்றார். அது அவர் எப்போதும் சொல்வது, உண்மையும் கூட. செம்புக் கம்பியில் எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வரும், வீட்டில் விளக்கு அணைந்தாலும் போன் பேசும். ஃபைபரில் பெட்டிக்குக் கரண்ட் இல்லாவிட்டால் போனும் இல்லை, அதற்காகத்தான் ஹாலில் ஒரு 12 வோல்ட் மினி யூபிஎஸ் வைத்திருக்கிறோம். இப்போது நடு அறை ரவுட்டருக்கும் தனியாக ஒன்று வாங்க வேண்டும், இல்லாவிட்டால் கரண்ட் போனதும் போன் இருக்கும், நெட் இருக்காது. ரவுட்டர் வாங்கும்போது இந்தச் செலவையும் கணக்கில் வையுங்கள், நான் வைக்கவில்லை.

தம்பிக்குப் போன் போட்டேன். எதைத் தொட்டீர்கள் என்று கூடக் கேட்கவில்லை, "டிஆர் வரியாண்ணா?" என்றான். சாயங்காலம் வந்தான். அந்த வரியைத் திரும்ப எழுதிவிட்டால் போதுமே என்று நான் நினைத்தேன், முடியாதாம். லேண்ட்லைனுக்கான யூசர்நேம், பாஸ்வேர்ட் எல்லாம் கம்பெனி சர்வரில் இருந்து அந்த வரி வழியாகத்தான் வந்து இறங்கும், வரியே இல்லாமல் எப்படி இறங்கும், சாவி உள்ளே இருக்கக் கதவைப் பூட்டின நிலைமை. கடைசியில் குச்சி விட்டுப் பெட்டியை முழு ரீசெட் அடித்தான். பெட்டி பிறந்த குழந்தையாக எழுந்து, தன் சீரியல் நம்பரைச் சொல்லி, அங்கிருந்து ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டது. பதினைந்து நிமிஷத்தில் போன் விளக்கு பச்சையானது. கூடவே பிரிட்ஜ் போய்ப் பழைய ரூட் மோடும் திரும்பி வந்துவிட்டது, அதை மறுபடி மாற்றினான், மறுபடி பழைய செஷன், மறுபடி பத்து நிமிஷம், மறுபடி மோர். இந்தத் தடவை ஆபீஸுக்குச் சொல்லி அவர்கள் பக்கமும் எங்கள் வீட்டை பிரிட்ஜ் என்று குறித்து வைக்கச் சொன்னான், இல்லையென்றால் அடுத்த ரீசெட்டிலும் இதே கதைதான். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய விஷயம், நீங்களாவது கேளுங்கள். காசு கொடுத்தபோது வேண்டாம் என்று சொல்லி, அப்புறம் வாங்கிக்கொண்டான். ரசீதின் பின்னால் எழுதினதை நானே கிழித்துப் போட்டேன், அவன் பார்த்துச் சிரித்தான்.

ராத்திரி ஏழரைக்கு லேண்ட்லைன் அடித்தது. அத்தைதான். மூன்று நாள் பாக்கியைத் தீர்க்க வேண்டுமே, அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் ஸ்டூலில் ஏறி ஃபைபர் வளையத்தை ஒரு கிளிப்பில் மாட்டிக்கொண்டிருந்தேன். முக்கால் மணி கழித்து, ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"புது ரவுட்டர் வாங்கினியே, அத எப்ப மாட்டப் போற? நெட்டு நாலு நாளா நல்லாத்தான் கீது. தண்டத்துக்கு எதுக்குடா வாங்கின?"